நாற்காலியில் உட்கார்ந்து ஒத்தைக் கையில் பிஸ்டல் சுடுவது ஈஸியா?

காட்பாடியிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி:
ஒரு பிராக்டிகல் பிஸ்டல் போட்டி வீடியோ பார்த்தேன். ஆள் நாற்காலியில உட்கார்ந்திருக்கார். பஸ்ஸர் அடிச்சதும் ஒரு கையாலயே இடுப்புல இருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடறார். கீழே எல்லாரும் "கஷ்டமான ஸ்டேஜ்"னு, அதாவது போட்டியோட கஷ்டமான சுற்றுன்னு எழுதறாங்க. எனக்குப் புரியல. உட்கார்ந்தா உடம்பு ஆடாது, அப்ப நின்னு சுடறதைவிட ஈஸியாத்தானே இருக்கணும்? பாராலிம்பிக்ல உட்கார்ந்துக்கிட்டே பின்னி எடுக்கறாங்களே?

மே 4, இரவு

பாதி சரி தம்பி. 10 மீட்டர் ஏர் பிஸ்டல்ல 60 குண்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் கொடுக்கறாங்க. கையைத் தூக்கலாம், சரியா வரலைன்னா இறக்கலாம், மூச்சு வாங்கிட்டு மறுபடி தூக்கலாம். சுட்டதும் துப்பாக்கி பின்னால தள்ற உதைப்புன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் கிடையாது. அந்த ஆட்டத்துல இடுப்புக்குக் கீழே ஆடாம இருக்கிறது நல்லதுதான்.

பிராக்டிகல்ல துப்பாக்கி இடுப்புல, கை முழங்கால் மேல, டைமர் காதுல. எடுத்த மார்க்கை ஆன நேரத்தால வகுத்துத்தான் கணக்கு. இங்க கஷ்டம் கையில இல்ல, தொடையில. நிக்கறப்ப துப்பாக்கி உறையை விட்டு வெளிய வந்தா அதுக்கும் டார்கெட்டுக்கும் நடுவுல வெறும் காத்து. உட்கார்ந்தா அந்த இடத்துல உங்க தொடை நீட்டிப் படுத்திருக்கு.

மே 4, கொஞ்சம் கழிச்சு

"நீங்க யாரு சார் இதெல்லாம் சொல்ல?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயம்தான். ஊர் மேல்விஷாரம் பக்கம், தொழில் தோல். தென்னாப்பிரிக்காவுல வேலை பார்த்த காலத்துல அங்க ஒரு கிளப்ல சேர்ந்து ஐ.பி.எஸ்.சி. (பிராக்டிகல் சுடுதலுக்கான சர்வதேச அமைப்பு) விதிப்படி நடக்கிற போட்டிகள்ல சுட்டிருக்கேன். கப்பு வாங்கற ஆள் இல்ல, பட்டியல்ல நடுவுல எங்கயாவது என் பேர் இருக்கும். நடுவுல இருக்கிறவனுக்குத்தான் எது கஷ்டம்னு நல்லாத் தெரியும். மேல இருக்கிறவங்க அதைத் தாண்டிப் போயிட்டாங்க.

மே 5

முதல்ல கேட்க வேண்டிய கேள்வியை யாருமே கேட்கல. உட்கார்ந்து தொடங்கணுமா, உட்கார்ந்தே சுடணுமா? ரெண்டும் வேற வேற.

ஸ்டேஜுக்கு முன்னாடி எழுத்துல ஒரு பிரீஃபிங் வாசிப்பாங்க. "நாற்காலியில் அமர்ந்து, முதுகு சாய்ந்து, இரு கைகளும் முழங்கால் மேல்"னு தொடக்க நிலையை மட்டும் சொல்லி நிறுத்திட்டா, பஸ்ஸர் அடிச்சதும் எழுந்துக்கலாம். இந்த ஆட்டத்தோட அடிப்படையே அதுதான், பிரச்னையை உன் வழியில தீர்த்துக்கோன்னு விட்டுடுவாங்க. எழுந்துக்கிட்டே உருவுறவங்கதான் அதிகம். எழுந்திருக்கிறப்ப தொடை தானா கீழ இறங்கிடும், பாதை திறந்துடும். ஆனா அப்ப உடம்பு மேலயும் முன்னயும் போயிட்டிருக்கு. ஒத்தைக் கையில நீட்டின துப்பாக்கி அந்த ஆட்டம் அடங்கற வரைக்கும் எங்கயோ பார்த்துக்கிட்டு இருக்கும். "எழுந்திரு, கால் ஊனு, அப்புறம் சுடு"ன்னு பிரிச்சுப் பழகினவங்க முதல் குண்டை லேட்டா விட்டாலும் ரெண்டாவதுல பிடிச்சுடுவாங்க.

நாற்காலியை விட்டு எழக்கூடாதுன்னு பிரீஃபிங்ல இருந்தா அது வேற கதை. நாம பேசிட்டிருக்கிறது பெரும்பாலும் அதைத்தான். ஸ்ட்ராங் ஹேண்ட் (பழகின கை) மட்டும், வீக் ஹேண்ட் (மத்த கை) மட்டும்னு வர்றதெல்லாம் பெரும்பாலும் குண்டு கம்மியா இருக்கிற சின்ன ஸ்டேஜ்லதான்.

மே 5, இரவு

உருவுறதை மெதுவா எழுதிப் பார்க்கறேன். வலது கைக்காரர்னு வச்சுக்குவோம்.

பஸ்ஸர். வலது கை முழங்கால்ல இருந்து நேரா துப்பாக்கியோட பிடிக்குப் போகுது. முழங்கையை வெளிப்பக்கம் விரிச்சா நாற்காலிக் கைப்பிடியில இடிக்கும், அதனால பின்னாடி இழுக்கணும். அதே நேரத்துல இடுப்புல இருந்து உடம்பு ஒரு சாண் முன்னால சாயணும். சாஞ்சு உட்கார்ந்த நிலையில துப்பாக்கிப் பிடிக்கும் நாற்காலி முதுகுக்கும் நடுவுல உள்ளங்கை நுழைய இடமிருக்காது. பிடி முழுசாக் கைக்குள்ள வந்த அப்புறம் நேரா மேல தூக்கு. உறை வாயை விட்டு மசில் (குண்டு வெளிய வர்ற குழல் முனை) வெளிய வந்ததும் முன்பக்கம் திருப்பு, தொடைக்கு மேலால நீட்டு. ஆள்காட்டி விரல் இது வரைக்கும் ஸ்லைடு (துப்பாக்கியோட மேல்பாகம்) ஓரமா நீண்டுதான் இருக்கணும், ட்ரிகர் பக்கமே போகக்கூடாது. முழங்கால் ரெண்டும் அகட்டி இருந்தா நல்லது.

இதுல மத்தவங்க சொல்லாத ஒண்ணு: இடது கை. தினம் ரெண்டு கையாலயே சுட்டுப் பழகினவனுக்கு, வலது கை உருவினதும் இடது கை தானா நெஞ்சுக்கு முன்னாடி வந்து துப்பாக்கியை வாங்கிக்கப் போகும். அது பல வருஷப் பழக்கம், நாக்கைக் கடிச்சுக்கிட்டு நின்னாலும் நிக்காது. "சும்மா இரு"ன்னா அந்தக் கை சும்மா இருக்காது. அதுக்கு ஒரு வேலை கொடுத்தாகணும். பஸ்ஸர் அடிச்ச நொடியில இடது முஷ்டி நெஞ்சுல போய் ஒட்டணும், வலது கை பிடியைத் தொடறதுக்கு முன்னாடியே. முஷ்டியை இறுக்கினா அந்தப் பக்கத் தோளும் இறுகும், ரெண்டு தோளும் ஒண்ணாகும்.

மே 6

ராணிப்பேட்டை நண்பர் ஒருத்தர் குறுக்க வந்து, "தொடை மேலால துப்பாக்கி போனா உடனே டிஸ்குவாலிஃபை பண்ணிடுவாங்களே, எப்படி இதைப் போட்டியில வைக்கறாங்க?"ன்னு கேட்டார். நல்ல கேள்வி.

உடம்புல எந்தப் பாகத்துக்கு நேரா மசில் போனாலும் வெளியேத்துவாங்க, சரிதான். ஆனா ஐ.பி.எஸ்.சி.ல ஒரு விலக்கு இருக்கு. உறையில இருந்து உருவுறப்பவும் திரும்ப வைக்கறப்பவும் பெல்ட்டுக்குக் கீழ இருக்கிற பாகத்தைக் கடந்தா அதுக்காக வெளியேத்த மாட்டாங்க. விரல் ட்ரிகர் கார்டுக்கு (ட்ரிகரைச் சுத்தி இருக்கிற வளையம்) வெளிய இருக்கிறது பளிச்சுன்னு தெரியணும், அது கட்டாயம். விரல் உள்ள இருந்தா விலக்கு செத்துது, அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது.

மேசை மேல துப்பாக்கி வச்சுத் தொடங்கற ஸ்டேஜ்ல இந்த விலக்கு பேசவே பேசாது. அங்க நீங்க உருவல, எடுக்கறீங்க. முழங்கால் மேசைக்குக் கீழ இருக்கறப்ப துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்து எடுக்கிறது பலருக்கு இயல்பா வரும். இழுக்கக் கூடாது, இருந்த இடத்துலயே தூக்கி முன்னாடி தள்ளணும்.

விலக்கு இருக்குங்கறதுக்காக தொடையைக் குறுக்க விடலாம்னு நான் சொல்லல. விதி மன்னிக்கும், குண்டு மன்னிக்காது.

மே 6, அதே ராத்திரி

ஒருத்தர்: "லுங்கி கட்டிக்கிட்டு இதைப் பண்ண முடியுமா அண்ணே?"
பெல்ட் வேணும் நைனா. பிடியோட அடிப்பகுதி பெல்ட்டோட மேல்விளிம்புக்குக் கீழ இருக்கக்கூடாதுன்னு விதியே இருக்கு.

மே 8

பெல்ட்னு சொன்னதும் என் தொழில் பக்கம் போயிட்டேன், பொறுத்துக்குங்க.

நிக்கறப்ப சரியா இருக்கிற உறை உட்கார்ந்தா சரியா இருக்காது. வயித்து மடிப்பு பெல்ட்டை முன்பக்கம் அமுக்கும், பின்பக்கம் தூக்கும். உறை கொஞ்சம் சாயும், பிடியோட நுனி விலாவுல குத்தும். உறையோட அடி நாற்காலி இருக்கையில முட்டிக்கிட்டு மேல தள்ளும். போட்டிக்குப் போறவங்க அளவு பார்க்கறதெல்லாம் நின்னுக்கிட்டேதான். விதியிலகூட "தளர்வாக நிற்கும்போது மசில் பாதத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் பார்க்க வேண்டும்"னு நிக்கறதை வச்சுத்தான் சொல்றாங்க. உறை வாங்கறவங்க கடையிலேயே ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்து பாருங்க.

தோல் உறையா, பிளாஸ்டிக் உறையான்னு கேட்டா, தோல்காரன் நானே சொல்றேன், போட்டிக்கு கைடெக்ஸ் பிளாஸ்டிக்தான். தோல்லதான் வேணும்னா குரோம் போட்டுப் பதப்படுத்தினது வேண்டாம். அது மெத்துனு இருக்கும், உட்கார்ந்து அமுங்கினா உறை வாய் மடங்கிக்கும். அந்த மடிப்பு, துப்பாக்கியைத் திரும்ப உள்ள விடறப்ப ட்ரிகர்ல போய் மாட்டினா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. அதுல இருக்கிற உப்பு இரும்பையும் அரிக்கும். பட்டை போட்டுப் பதப்படுத்தின தோல், நம்ம வட ஆற்காட்டுல ஆவாரம்பட்டையில ஊறப் போட்டுப் பண்ணினாங்களே அந்த மாதிரி, நனைச்சு அச்சுல போட்டா வடிவத்தைப் பிடிச்சுக்கும், வாய் திறந்தே நிக்கும். இப்ப ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எங்க போனாலும் பெரும்பாலும் குரோம்தான்.

மே 9

காட்பாடித் தம்பி திரும்ப வந்திருக்கார்: "பாரிஸ் 2024ல அந்தத் துருக்கிக்காரர் பாக்கெட்ல கை விட்டுக்கிட்டு வெள்ளி வாங்கினாரே, அப்ப முஷ்டி எதுக்கு?"

யூசுஃப் டிகேச். அவர் சுட்டது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணி. பக்கவாட்டுல நின்னு, கையை நேரா நீட்டி, உடம்பையே ஒரு கோடா ஆக்கிக்கிற நிலை அது. இன்னொரு கை எங்கயாவது அசையாமக் கிடந்தாப் போதும், பாக்கெட் ஒரு நல்ல இடம். நாற்காலியில நீங்க பக்கவாட்டுல திரும்ப முடியாது, மார்பு டார்கெட்டைப் பார்த்தபடிதான் இருக்கும். 9 எம்.எம். துப்பாக்கி உதைச்சா அந்த மார்புதான் வாங்கணும்.

நிக்கறப்ப உதைப்பைக் கணுக்காலும் முழங்காலும் ஷாக் அப்சார்பர் மாதிரி வாங்கிக்கும். உட்கார்ந்தா அது ரெண்டும் விடுமுறையில போயிடும், இடுப்புக்கு மேலதான் எல்லாம். அதனால முன்னால சாயணும், சுடற பக்கத் தோளைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளணும். முழங்கையை முழுசாப் பூட்டாம ஒரு துளி மடக்கி வைக்கிறது எனக்குப் பிடிக்கும். துப்பாக்கியை உள்பக்கமா லேசாச் சாய்ச்சுப் பிடிச்சா மணிக்கட்டு இயல்பா இருக்கும். லேசாத்தான், சினிமாக்காரன் மாதிரி படுக்கப் போட வேண்டாம்.

பாதம் ரெண்டும் தரையில அழுந்தி இருக்கணும்.

மே 9, பாதம் பத்தி

பாகாயத்துல பிசியோதெரபி பண்ற ஒரு அம்மா எழுதியிருக்காங்க, அதை அப்படியே எடுத்துக்கறேன். உயரமான ஸ்டூல்ல பாதம் தரையில படாம உட்காருங்க. ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை ஒத்தைக் கையில முன்னால நீட்டுங்க. இடுப்பு எந்தப் பக்கம் வழுக்குதுன்னு கவனிங்க. இப்ப பாதத்தை ஊனிக்கிட்டு அதையே பண்ணுங்க. நான் பண்ணிப் பார்த்தேன். பாட்டில் ஆட்டம் பாதியாக் குறைஞ்ச மாதிரி இருந்தது. குண்டு போட்ட பிஸ்டலும் கிட்டத்தட்ட அந்த எடைதான்.

கால் உணர்ச்சியே இல்லாதவங்க என்ன பண்ணுவாங்கன்னு அவங்களையே கேட்டேன். இடுப்பையும் தண்டுவடத்தையும் வச்சு சமாளிக்கப் பழக்கறதுதான் எங்க வேலையேன்னாங்க. மேரி வர்கீஸ் டாக்டரைச் சொன்னாங்க. 1954 விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்த அப்புறம், சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளோட கைகளுக்கு அறுவை சிகிச்சை செஞ்சவங்க. 1966ல பாகாயத்துல அவங்க முயற்சியில வந்த மறுவாழ்வு மையத்துலதான் இந்த அம்மா பயிற்சி எடுத்தாங்களாம். துப்பாக்கி பேச வந்த இடத்துல சி.எம்.சி. வந்து நிக்குது. வேலூர்ல எந்தப் பேச்சும் கடைசியில ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

மே 11

"மெதுவா, எல்லாம் ஏ-ல விழற மாதிரி சுடறதா, வேகமா விடறதா?" கணக்குப் போட்டே பார்ப்போம். மூணு டார்கெட், தலா ரெண்டு, ஆக ஆறு குண்டு. டார்கெட்ல நடுப்பகுதி ஏ, அதுக்கு வெளிய சி, அப்புறம் டி. 9 எம்.எம். மைனர்ல (சக்தி கம்மியான குண்டுக்கான கணக்கு) ஏ-க்கு 5, சி-க்கு 3, டி-க்கு 1.

ஆறும் ஏ, நேரம் 6 செகண்ட்: 30 வகுத்தல் 6, அதாவது 5.
நாலு ஏ, ரெண்டு சி, நேரம் 5 செகண்ட்: 26 வகுத்தல் 5, அதாவது 5.2.
அஞ்சு ஏ, ஒண்ணு மிஸ், நேரம் 4.5 செகண்ட்: 25ல இருந்து 10 கழிச்சா 15, வகுத்தா 3.33.

ஆக சி விழுந்தா பரவாயில்ல, மிஸ் விழுந்தா முடிஞ்சுது. ஒத்தைக் கையில மிஸ்தான் சுலபமா விழும். காரணம் ட்ரிகரை இழுக்கற விரலோட சேர்ந்து மத்த மூணு விரலும் இறுகிக்கும். வலது கைக்காரனுக்குக் குண்டு கீழயும் இடதுபக்கமாவும் போகும். பிடியை முதல்லயே முழு இறுக்கத்துக்குக் கொண்டு போயிட்டா அப்புறம் இறுக மிச்சம் இருக்காது. இங்க அக்னி நட்சத்திர வெயில்ல பிடிச்சுப் பார்த்தா தெரியும், உள்ளங்கை வியர்வையில இறுக்கம்கறது எவ்வளவு பெரிய வேலைன்னு.

மே 12

வீக் ஹேண்ட், அதாவது நம்ம பீச்சாங்கை. சோத்துக்கை கெட்டா என்ன பண்றதுன்னு யோசிக்கிறவங்களுக்கு ஹங்கேரிக்காரர் காரோய் தகாச்சைச் சொல்லணும். ராணுவத்துல இருந்தப்ப 1938ல கையெறி குண்டு வெடிச்சு வலது கை போச்சு. இடது கையால பழகி 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி ரெண்டு ஒலிம்பிக்லயும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல்ல தங்கம். அதே போட்டியிலதான் 2012 லண்டன்ல நம்ம விஜய் குமார் வெள்ளி வாங்கினார். அஞ்சு டார்கெட்டுக்கு அஞ்சு குண்டு, 8 செகண்ட், 6 செகண்ட், 4 செகண்ட்னு நேரம் சுருங்கிக்கிட்டே வரும். எல்லாம் ஒத்தைக் கையிலதான். பிராக்டிகல்காரங்க அந்தக் கையை ஒரு தரம் பார்த்துட்டு வரணும்.

கம்மவான்பேட்டைப் பெரியவர் ஒருத்தர் பட்டாளத்துல இருந்தவர். "எங்க காலத்துல பிஸ்டல்னாலே ஒத்தைக் கைதான்பா, ரெண்டு கை எப்ப வந்துச்சு?"ன்னு கேட்டார். ஜாக் வீவர்னு ஒரு அமெரிக்க டெபுடி ஷெரீஃப் 1950கள் கடைசியில ரெண்டு கையால பிடிச்சு ஜெயிச்சுக் காட்டின அப்புறம் உலகம் மெல்ல அந்தப் பக்கம் போச்சு. அதைப் பரப்பின ஜெஃப் கூப்பர்தான் 1976ல ஐ.பி.எஸ்.சி. ஆரம்பிச்சப்ப முதல் தலைவர். பெரியவர் கேட்டுட்டு, "அப்ப நாங்க பழசு இல்ல, ஒரிஜினல்"னார்.

மே 14

இதை வேலூர்ல எங்க பழகறதுன்னு நிறைய பேர் கேட்கறாங்க. நேராச் சொல்றேன்: போட்டிக்கான துப்பாக்கியில, முடியாது. ஐ.பி.எஸ்.சி. ஹேண்ட்கன்ல குறைஞ்சபட்சமே 9 எம்.எம்., நம்ம சட்டத்துல சிவிலியனுக்கு அது தடைசெய்யப்பட்ட போர் (குழல் விட்டம்). சேவூர் பட்டாலியன்லயோ தக்கோலம் சி.ஐ.எஸ்.எஃப். பயிற்சி மையத்துலயோ இருக்கிறவங்களுக்கு அவங்க வழி வேற, அது போட்டியும் இல்ல.

4.5 மி.மீ. ஏர் பிஸ்டல், குண்டு குழலை விட்டு வெளிய வர்றப்ப இருக்கிற சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம். அதை வச்சு ஒத்தைக் கைப் பிடி, ட்ரிகர், உட்கார்ந்த நிலையில பாதம், இது எல்லாத்தையும் பழகலாம். உறையில இருந்து வேகமா உருவுறதை மட்டும் பெல்லட் போட்டுப் பண்ணாதீங்க. காலித் துப்பாக்கி, குண்டு அந்த ரூம்லயே இருக்கக்கூடாது, எதிர்ல கெட்டிச் சுவர். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துட்டு 100க்கு போன் பண்ணினா, நீங்க ஸ்டேஷன் நாற்காலியில உட்கார்ந்துதான் பிராக்டிஸ் பண்ணணும்.

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு வேலூரைச் சொல்வாங்க. குண்டு இல்லாத துப்பாக்கியையும் சேர்த்துக்குங்க.

மே 14, இரவு

"1981லயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிட்டார், சாமி இருக்கார்"னு நாலு பேர் சண்டைக்கு வந்துட்டாங்க. தெரியும் சாமிகளா. பாலாத்துல தண்ணியும் அப்பப்ப வருது. சொலவடை வேலூர்ல இல்லாம வேற எங்க போகும்?

மே 17

நெஞ்சுல முஷ்டின்னு எழுதினேன். யோசிச்சுப் பார்த்தா வீக் ஹேண்ட் ஸ்டேஜுக்கு நான் அப்படிப் பண்றதில்ல. பீச்சாங்கையில சுடறப்ப சோத்துக்கை முஷ்டி இறுகினா, பலமான பக்கம் உடம்பையே இழுத்துக்கிட்டுப் போகுது எனக்கு. விரிச்ச உள்ளங்கையை நெஞ்சுல வச்சு அமுக்கினா சமமா இருக்கு. முஷ்டிதான்னு சாதிக்கிறவங்களும் நல்லாத்தான் சுடறாங்க. ரெண்டையும் பண்ணிப் பார்த்துட்டு எதுல அடுத்த குண்டுக்கு முன்சைட் (குறி பார்க்கிற முன்முனை) சீக்கிரம் திரும்பி வருதோ அதை வச்சுக்குங்க.

மே 18

ரீலோட் பத்தி ஒரு கேள்வி பாக்கி இருக்கு: "ஒரு கைதான்னா மேகசினையும் (குண்டு வைக்கிற பெட்டி) ஒரே கையாலயா மாத்தணும்?" வேண்டாம். போலீஸ்காரங்க முழங்கால் நடுவுல துப்பாக்கியைச் சொருகி மாத்தற மாதிரி வீடியோவெல்லாம் பார்த்துட்டுக் கேட்கறீங்க. காயம்பட்ட ஆளுக்கு அது. போட்டியில அதைப் பண்ணினா ஆர்.ஓ. (ரேஞ்ச் ஆபீசர், கூடவே நின்னு கண்காணிக்கிறவர்) "ஸ்டாப்"னு கத்திடுவார். ரீலோட் பண்ண, ஜாம் எடுக்க, வெளிப்பக்க சேஃப்டியைத் தட்ட, இன்னொரு கையைத் தாராளமாப் பயன்படுத்தலாம். சுடறப்பதான் தொடக்கூடாது. மணிக்கட்டையோ சுடற கையையோ தாங்கினாலும், நிலையா நிக்கணும்னு அந்தக் கையால மேசையைப் பிடிச்சுக்கிட்டாலும் அதே கதைதான். அப்படி விட்ட ஒவ்வொரு குண்டுக்கும் பத்து மார்க் போகும்.

உட்கார்ந்தபடி மேகசின் எடுக்கிறதுலயும் ஒரு வம்பு இருக்கு. முன்பக்கப் பவுச்சை வயிறும் தொடையும் சேர்ந்து மூடிக்கும். அதனால உட்கார்ந்து சுடற ஸ்டேஜுக்கு முதல் மேகசினை இடுப்போட பக்கவாட்டுப் பவுச்சுல இருந்து எடுக்கற மாதிரி முன்கூட்டியே முடிவு பண்ணிக்குங்க. மாத்தறப்ப விரல் ட்ரிகர் கார்டுக்கு வெளிய, மசில் டார்கெட் பக்கமே. மேகசின் உள்ள போய் "டக்"னதும் அந்தக் கை நெஞ்சுக்குத் திரும்பணும், அப்புறம்தான் அடுத்த குண்டு. ஆர்.ஓ.வோட கண் அந்த நேரத்துல டார்கெட்ல இருக்காது, உங்க ரெண்டு கைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் இருக்கும்.